பிள்ளைத்தாய்ச்சி வீட்டுப் படலையைத் திறப்பவர்களுக்கு: யாழ்ப்பாணக் கிராமங்களில் கர்ப்பகாலப் பராமரிப்புக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாண மாவட்டத்துக் கிராமங்களில் தாய்மார் ஆதரவுக் குழுக்களில் அண்மையில் சேர்ந்து, கர்ப்பிணித் தாய்மாரின் வீடுகளுக்குப் போகத் தொடங்கியிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் தாதியும் அல்லர், மருத்துவமாதும் அல்லர். ஊசி போடுவதோ, வயிற்றைத் தொட்டுப் பிள்ளையின் கிடையைப் பார்ப்பதோ உங்களிடம் எதிர்பார்க்கப்படுவதில்லை. அவற்றைச் செய்யத் தெரிந்தவரிடம் ஒரு பெண்ணைக் காலத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அவர் சொல்லி அனுப்பியதை அந்தப் பெண்ணின் வீட்டில் நடக்கக்கூடியதாக்குவதுமே உங்கள் வேலை. இரண்டும் எளிதாகத் தோன்றும். வலிகாமத்திலும் தீவகத்திலும் பல வருடங்கள் இந்த வேலையில் நின்றவள் என்ற முறையில், அவை எங்கே கடினமாகின்றன என்பதையே இங்கு அதிகம் சொல்லப் போகிறேன்.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் எல்லா வீடுகளும் ஒரே மாதிரியானவை என்று எண்ணிக்கொண்டு தொடங்காதீர்கள். அடுத்தடுத்த சில பிரிவுகளுக்குள்ளேயே, வெங்காயத் தோட்டத்தை நம்பித் தலைமுறைகளாக வாழும் சைவக் குடும்பம், கரையோரத்துக் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் குடும்பம், 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பிய முஸ்லிம் குடும்பம், தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து கணவனோடு இங்கு வந்த பெண், மலையகத்திலிருந்து மணமுடித்து வந்தவள் என்று பலரைக் காண்பீர்கள். எல்லோரும் தமிழ்தான் பேசுவார்கள். ஆனால் கர்ப்பத்தைப் பற்றிப் பேசும் சொல்லும், பேசாமல் மறைக்கும் காலமும், நோன்பும், பத்தியமும், பிரசவத்துக்கு எந்த வீட்டில் இருப்பது என்ற வழக்கமும் வீட்டுக்கு வீடு வேறுபடும்.

மருத்துவமாதைச் சந்தியுங்கள்

எந்த வீட்டுக்கும் போவதற்கு முன், உங்கள் பிரிவுக்குரிய பொதுச் சுகாதார மருத்துவமாது யார், அவர் எந்தக் கிழமை கிளினிக்கில் இருப்பார், எந்தக் கிழமை வீடுகளுக்கு வருவார் என்பதை அறிந்து, அவரைச் சந்தித்துப் பேசுங்கள். சிலர் அவரைக் குடும்பநல உத்தியோகத்தர் என்பார்கள், ஊரில் மிட்வைஃப் அக்கா என்று அழைப்பார்கள். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வளர்ந்துவந்த ஏற்பாட்டின் தூண் அவர்தான். ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட ஒரு பிரிவு ஒரு மருத்துவமாதின் பொறுப்பில் இருப்பதாகக் கணக்கு. வெற்றிடங்கள் இருக்கும் இடங்களில் ஒருவரே இரண்டு பிரிவுகளைப் பார்க்க நேர்கிறது. ஆகவே நீங்கள் அவருக்குப் போட்டியாக அல்ல, அவருடைய கண்ணாகவும் காலாகவும் போகிறீர்கள் என்பதை அவருக்கும் ஊருக்கும் முதல் நாளே தெளிவாக்கிவிடுங்கள். அவருடைய தொலைபேசி இலக்கத்தையும், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் இலக்கத்தையும் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டு வாரத்துக்குள் அறிந்துகொள்ளுங்கள்

என் அனுபவத்தில் மற்ற எல்லா வேலைகளும் இந்த ஒன்றில்தான் தொங்குகின்றன. கருத்தரித்த பெண் 8 வாரங்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது கிளினிக்கின் எதிர்பார்ப்பு. பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 4 வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. ஃபோலிக் அமிலக் குளிசை அந்தக் காலத்துக்குத்தான் மிகவும் தேவை, ஆகவே பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே அதைத் தொடங்குவது நல்லது. நீரிழிவோ, உயர் குருதியமுக்கமோ, இருதய வருத்தமோ முன்பே உள்ளவளுக்கு, அவள் குடித்துவரும் மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கலாம். மூன்றாம் மாதம் கடந்த பிறகு வந்து சேர்ந்தால் இவற்றிற் சிலவற்றைச் செய்ய முடியாமலே போய்விடும்.

ஆனால் மூன்று மாதம் முடியுமட்டும் வெளியே சொல்லக்கூடாது என்பது பல வீடுகளில் உறுதியான வழக்கம். கண்ணூறு படும், கரு தங்காது என்ற அச்சம் அதன் பின்னால் இருக்கிறது. முன்பு ஒரு தடவை கரு கலைந்த வீட்டில் அந்த அச்சம் இன்னும் இறுக்கமாக இருக்கும். இந்த நம்பிக்கையோடு வாதாடாதீர்கள். "ஊருக்குச் சொல்ல வேண்டாம், மிட்வைஃப் அக்காவுக்கு மாத்திரம் சொல்லுவம்" என்று கேளுங்கள். அடுத்த வீட்டார் கவனிப்பார்கள் என்று அவள் கூசினால், மருத்துவமாது பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வரும் நாளில் இவளையும் பார்க்கும்படி ஒழுங்கு செய்யலாம். இரகசியம் காக்கப்படும் என்று ஒரு வீடு கண்டுகொண்டால், அடுத்த வீட்டில் அந்தப் பேச்சு உங்களுக்கு முன்பே போயிருக்கும். அதேபோல ஒரு வாய் தவறினால், அந்த ஒழுங்கையிலேயே உங்களுக்கு மூன்று வருடத்துக்கு யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

திருமணம் ஆகாத பெண், கணவன் விட்டுப்போன பெண், அடையாள அட்டையோ பிறப்புச் சான்றிதழோ கையில் இல்லாத பெண் ஆகியோரே மிகவும் பிந்தி வருகிறார்கள். கடதாசி இல்லை என்பதற்காகப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லி, நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். கடதாசி வேலையைப் பிறகு கிராம அலுவலரிடம் பார்த்துக்கொள்ளலாம்.

அவளுடைய சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்

நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருடத்தில், மலையகத்திலிருந்து எங்கள் பக்கம் குடிவந்த குடும்பத்து மருமகளிடம் சுகம் விசாரித்தேன். அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, "முழுகாம இருக்கேன்க்கா" என்றாள். எங்கள் காதுக்கு முழுகுவது என்றால் தலையில் தண்ணீர் வார்ப்பது. தடிமனோ காய்ச்சலோ என்று எண்ணி, "சுடுதண்ணியிலை முழுகுங்கோ தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். அவள் எனக்குத் தன் கர்ப்பத்தைச் சொல்லியிருக்கிறாள். அடுத்த முறை நான் போனபோது அவளுக்கு ஐந்தாம் மாதம். அதன் பிறகுதான் இரத்தப் பரிசோதனை நடந்தது. இரத்தம் மிகவும் குறைந்திருந்தது. அந்த இரண்டு மாதமும் என்னால் போன காலம் என்பதை நான் மறக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் கர்ப்பத்துக்கும், மாதவிலக்குக்கும், இரத்தப்போக்குக்கும் என்ன சொல் வழங்குகிறது என்பதைக் கேட்டு எழுதிவையுங்கள். இங்கே பிள்ளைத்தாய்ச்சி என்போம், குளிசை என்போம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவள் மாசம் என்பாள், மாத்திரை என்பாள். அவளிடம் "குளிசை போட்டனீங்களோ" என்று கேட்டால், கோயிற் குருக்கள் கட்டிவிடும் குளிசம் என்ற தாயத்தை நினைத்து விழிப்பாள். அழைக்கும் முறையையும் அந்த வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். சைவ வீட்டில் மாமி, தங்கச்சி என்றால் போதும். முஸ்லிம் வீட்டில் மூத்தவளை ராத்தா என்று கூப்பிட்டுப் பாருங்கள், கதவு பாதியில் நிற்காது. எல்லோரையும் நீங்கள் என்றே பேசுங்கள். சாதியைக் காட்டி ஒருமையில் அழைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு வருபவர் இந்த வேலைக்கு ஏற்றவர் அல்லர் என்பதை ஒளிவில்லாமல் எழுதிவிடுகிறேன்.

மொழி பற்றிய இந்தக் கவனம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தாமே தமிழைக் கற்று, மாணவர்களுக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். தமிழ் தெரிந்த நமக்குள்ளே இருக்கும் வேறுபாடுகளைக் கற்பதற்கு அவ்வளவு உழைப்புத் தேவையில்லை.

கடைசி மாதவிலக்கின் திகதி

கிளினிக்கில் முதலில் கேட்கப்படுவது கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாள். அந்த நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் பிரசவம் எதிர்பார்க்கப்படும் நாள் வரும். யூலை 17 என்றால், அடுத்த வருடம் ஏப்ரல் 24. இந்தத் திகதி பிழைத்தால் பிள்ளையின் வளர்ச்சி பற்றிய கணக்கெல்லாம் பிழைக்கும். ஆனால் பல பெண்களுக்குத் திகதி நினைவில் இராது. "போன மாதமோ, அதற்கு முதல் மாதமோ" என்பார்கள்.

திகதியைக் கேட்காதீர்கள், அவள் எதைத் தவறவிட்டாள் என்று கேளுங்கள். மாதவிலக்கு நாட்களில் கோயிலுக்குப் போகாத வழக்கமுள்ள வீட்டுப் பெண்ணுக்கு, "நல்லூர்த் தேருக்குப் போகேலாமல் போச்சு", "ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சேக்கை நான் அடுப்படிக்குப் போகேல்லை" என்பது தெளிவாக நினைவிருக்கும். முஸ்லிம் பெண் ரமழானில் அந்த நாட்களில் விட்ட நோன்புகளைப் பிறகு பிடித்து நிறைவு செய்ய வேண்டியிருப்பதால், எத்தனை நோன்பு எப்போது விடுபட்டது என்று எண்ணி வைத்திருப்பாள். கத்தோலிக்கப் பெண்ணிடம், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு முன்னா பின்னா, தவக்காலத்துக்கு முன்னா பின்னா என்று கேட்டு நெருங்கலாம். பிறகு வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரைக் கழற்றி வந்து, இருவருமாகத் திகதியைக் கண்டுபிடியுங்கள். நிச்சயமில்லாவிட்டால் நிச்சயமில்லை என்றே மருத்துவமாதிடம் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே எடுக்கும் ஸ்கேன் அந்தக் குறையைத் தீர்க்கும்.

முதலாவது கிளினிக்

முதல் நாளில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிப் பயம் போய்விடும். உயரமும் நிறையும் அளப்பார்கள். குருதியமுக்கம் பார்ப்பார்கள். சிறுநீரில் புரதமும் சீனியும் உண்டா என்று பார்ப்பார்கள். இரத்தத்தில் வகையும் ஆர்.எச். காரணியும், ஹீமோகுளோபின் அளவும், சீனியும், சிபிலிஸ், எச்.ஐ.வி. ஆகியவையும் பரிசோதிக்கப்படும். கடைசி இரண்டையும் கேட்டவுடன் சில கணவன்மார் கோபிப்பதுண்டு. இது ஒருத்தி மேல் சந்தேகப்பட்டுச் செய்வதன்று, நாட்டின் எல்லாக் கர்ப்பிணித் தாய்மாருக்கும் செய்வது என்பதை அமைதியாக விளக்குங்கள். அப்படி எல்லோருக்கும் செய்ததனால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரு நோய்களும் தொற்றுவதை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது.

முதற்பிள்ளைக்காரிக்கு 12 வாரத்துக்குப் பிறகு ஏற்பு ஊசி (ரெற்றனஸ் தடுப்பூசி) இரண்டு தடவை போடப்படும். தமிழ்நாட்டில் முன்பு பிள்ளை பெற்றவளோ, அங்கே கர்ப்பமாகிப் பாதியில் வந்தவளோ இருந்தால், அங்கே கொடுத்த அட்டையையும் ஸ்கேன் தாள்களையும் பெட்டிக்குள்ளிருந்து தேடி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். முன்பு போட்ட ஊசிகளைப் பார்த்தே இனி எத்தனை தேவை என்று முடிவு செய்வார்கள். இலங்கை மலேரியா அற்ற நாடாக 2016இல் அங்கீகரிக்கப்பட்டது. ஆதலால் இந்தியாவிலிருந்து அண்மையில் வந்தவளுக்குக் காய்ச்சல் இருந்தால், எங்கிருந்து வந்தவள் என்பதையும் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இங்கே எவருக்கும் மலேரியா முதலில் நினைவுக்கு வராது.

முகத்தையும் உடலையும் ஆண் வைத்தியர் பார்ப்பார் என்ற கூச்சத்தால் வராமல் நிற்கும் பெண்கள் முஸ்லிம் வீடுகளில் மாத்திரமல்ல, எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். மருத்துவமாது பெண்தான் என்பதையும், வைத்தியர் ஆணாக இருந்தாலும் பக்கத்தில் ஒரு பெண் நிற்கும்படி கேட்கலாம் என்பதையும் சொல்லி, முதல் தடவை கூடவே போய் நில்லுங்கள்.

அங்கே கொடுக்கும் எச் 512 என்ற இலக்கமுள்ள கர்ப்பகால அட்டையைப் பொலித்தீன் உறையில் இட்டு வைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு கிளினிக் 28 வாரம்வரை மாதம் ஒரு தடவை, 36 வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு வாரந்தோறும் என்று நெருங்கி வரும். 24 முதல் 28 வாரத்துக்குள் சீனிக்கான குளுக்கோஸ் பரிசோதனை உண்டு. அதற்குக் காலையில் வெறுவயிற்றோடு போய்ச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஆகவே கையிற் சாப்பாட்டுப் பார்சலோடு போகட்டும்.

குளிசையும் தேத்தண்ணியும்

ஒரு வீட்டில் ஒரு பெண் தன் நெஸ்டமோல்ட் ரின்னைத் திறந்து எனக்குக் காட்டினாள். உள்ளே மூன்று மாதத்து இரும்புச்சத்துக் குளிசைகள். கிளினிக்கில் கொடுத்த சிறிய கடதாசிப் பைகளோடு, மாதவாரியாக அடுக்கி, மேலே ஒரு துண்டுப் பழைய துணி மூடி. ஒன்றும் குடிக்கப்படவில்லை, ஒன்றும் எறியப்படவுமில்லை. அரசாங்கம் தந்ததை எறிவது பாவம் என்று அவள் வைத்திருந்தாள். முதற் கிழமை குடித்தபோது மலம் கறுத்துப் போனதாம், வயிற்றுக்குள்ளே இரத்தம் கசிகிறது என்று மாமியார் பயந்து நிறுத்திவிட்டார். கிளினிக்கில் கேட்டபோது "குடிக்கிறேன்" என்றே சொல்லிவந்திருக்கிறாள்.

"குளிசை குடிக்கிறீங்களோ" என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள். "குளிசையை எங்கை வைச்சிருக்கிறீங்கள், காட்டுங்கோ பாப்பம்" என்று கேளுங்கள். காட்டும்போது குற்றவாளியைப் பிடித்த முகத்தோடு பார்க்காதீர்கள். மலம் கறுப்பது இரும்புச்சத்தினால்தான், அது ஆபத்தன்று என்பதை, குடிக்கும் பெண்ணுக்கு மட்டுமல்ல, அதை நிறுத்தும் அதிகாரமுள்ள மாமியாருக்கும் சொல்ல வேண்டும். குமட்டல் வந்தால் இரவு படுக்கைக்குப் போகும்போது குடிக்கலாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் பழமும் கூட்டலாம். தேத்தண்ணி, கோப்பி, பால் ஆகியவற்றோடு இரும்புச்சத்துக் குளிசையைக் குடித்தால் உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் முன்பும் இரண்டு மணி நேரம் பின்பும் தேத்தண்ணி வேண்டாம். கூடவே கொடுக்கும் விற்றமின் சி குளிசை இரும்பு சேர உதவும், கல்சியம் குளிசை தடுக்கும், ஆதலால் கல்சியத்தை வேறொரு நேரத்தில், சாப்பாட்டோடு குடிக்க வேண்டும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்து, வீட்டில் யார் நினைவூட்டுவது என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிட்டு எழும்புங்கள். அட்டையில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே எழுதியிருந்தால் அந்த வீட்டுக்கு அடிக்கடி போக வேண்டும் என்று உங்கள் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடும் விரதமும்

கிராமத்து வழக்கங்களைப் பற்றி எனக்கு ஒரு கணக்கு உண்டு. தீங்கில்லாத வழக்கத்தை விட்டுவிடுவேன். பப்பாசியும் அன்னாசியும் வேண்டாம் என்றால், சரி, மாம்பழமும் வாழைப்பழமும் கொய்யாப்பழமும் இருக்கின்றன. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கணவன் மரம் தறிக்கக்கூடாது, வீட்டுக்கு அத்திவாரம் வெட்டக்கூடாது என்றால், அதனால் எவருக்கும் கேடில்லை. பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டமாகும் என்று சொல்லிச் சோற்றைக் குறைப்பதையும், ரத்தம் படும்போது அவளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்திருப்பதையும் மாத்திரம் நான் விடமாட்டேன். உயரத்துக்கேற்ற நிறையுள்ள பெண் கர்ப்பகாலத்தில் 11.5 முதல் 16 கிலோவரை கூட வேண்டும். தொடக்கத்திலேயே மெலிந்தவள் 12.5 முதல் 18 கிலோவரை கூட வேண்டும். அட்டையில் உள்ள நிறைக் கோட்டை மாமியாரிடம் காட்டுங்கள். "சாப்பிட வேணும்" என்று நூறு தரம் சொல்வதைவிட, கீழே போகும் அந்தக் கோட்டை அவர் தம் விரலால் தொட்டுப் பார்ப்பது அதிகம் வேலை செய்யும்.

விரதத்தில் நேரடியாகத் தடை சொன்னால் தோற்றுவிடுவீர்கள். நான் ஒரு தடவை கேதார கௌரி விரதம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி, அந்த வீட்டாரின் நம்பிக்கையை இழந்தேன். கணவனின் ஆயுளுக்காகப் பிடிக்கும் 21 நாள் விரதத்தை விடு என்று ஒரு பெண்ணிடம் கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது, விரதத்தை எப்படிப் பிடிக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். ஒருநேரச் சாப்பாடு என்றால், மற்ற நேரங்களில் பால், பழம், இளநீர், அவித்த பயறு கொள்ளலாமா என்று வீட்டிலுள்ள மூத்தவரிடமே கேட்டு ஒழுங்கு செய்கிறோம். கந்தசஷ்டியில் ஆறு நாளும் வெறுந்தண்ணீரோடு இருப்பதைக் கர்ப்பிணி செய்யக்கூடாது. இதைக் கோயில் ஐயரோ அனுபவமுள்ள ஓர் அம்மாவோ சொன்னால் எடுபடும், ஆகவே அவரை முதலே போய்ப் பாருங்கள். நோன்பினால் தனக்கோ பிள்ளைக்கோ கேடு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணி நோன்பைப் பின்போடலாம் என்று இஸ்லாத்தில் சலுகை உண்டு. அதையும் மௌலவியின் வாயாலோ வீட்டு மூத்த ராத்தாவின் வாயாலோ வரச் செய்யுங்கள். நீரிழிவு உள்ளவள் எந்த நோன்புக்கும் முன்னால் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பல வீடுகளில் மீனும் இறைச்சியும் இல்லை. அந்த நாட்களில் முருங்கையிலை வறை, பயறு, கௌபி, உழுத்தங்களி, எள்ளுருண்டை, பொன்னாங்காணி ஆகியவற்றைக் கூட்டி, கீரையில் தேசிக்காய் பிழிந்து சாப்பிடச் சொல்லுங்கள். கரையோர வீடுகளில் நல்ல மீனை விற்றுவிட்டு மிஞ்சியதை ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டபின் பெண் குழம்போடு நின்றுவிடுவாள். அங்கே பேச வேண்டியது சத்துணவைப் பற்றியன்று, முதலில் யார் கோப்பையில் போடுவது என்பதைப் பற்றி. கணவன் இருக்கும் நேரத்திற் போய்ப் பேசுங்கள்.

கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா என்ற சத்துமாப் பைகளை வீட்டிலுள்ள சிறுபிள்ளைகள் எல்லோருமாகச் சாப்பிட்டு முடிப்பது வழமை. பசியுள்ள வீட்டில் இதற்காகத் தாயைப் பேசாதீர்கள், வீட்டு நிலையை மருத்துவமாதிடம் சொல்லுங்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்குக் கொடுப்பனவு 2015இல் மாதம் 2,000 ரூபா பெறுமதியாகப் பத்து மாதங்களுக்கு என்று தொடங்கிப் பின்னர் கூட்டப்பட்டது. இப்போதைய தொகையையும் முறையையும் மருத்துவமாதிடம் கேட்டு, தகுதியுள்ளவள் விடுபடாமல் பாருங்கள்.

தோட்டமும் மருந்தும்

வெங்காயம் நடவும், களை பிடுங்கவும், புகையிலைத் தோட்டத்துக்கும் கூலிக்குப் போகும் பெண்கள், கர்ப்பம் என்றால் வேலை கிடையாது என்று அஞ்சி அதை மறைப்பார்கள். வேலையை விடச் சொல்வதற்கு முன் அவளுக்கு வேறு வருமானம் உண்டா என்று பாருங்கள். பூச்சிமருந்து அடிக்கும் நாளிலும் அதற்கு அடுத்த நாட்களிலும் அந்தத் தோட்டத்துக்குள் இறங்காமல் இருப்பதும், கணவன் மருந்தடித்த உடுப்பை அவள் தோய்க்காமல் இருப்பதும், மருந்துப் போத்தலைக் குடிதண்ணீருக்குப் பாவிக்காமல் இருப்பதும் தோட்டக்காரரிடம் பேசி நிறைவேற்றக்கூடிய காரியங்கள்.

தாய்வீட்டுக்குப் போகும்போது

யாழ்ப்பாணத்தில் பல பெண்கள் சீதனமாக வந்த தாய்வழி வீட்டிலேயே இருப்பதால், பிரசவத்துக்கு இடம்மாற வேண்டிய தேவை குறைவு. மலையகத்திலிருந்தும் தமிழ்நாட்டு வழக்கத்திலிருந்தும் வந்தவள் ஏழாம் மாதத்துக்குப் பிறகு தாய்வீட்டுக்குப் போவாள். புத்தளத்தில் உறவுள்ள முஸ்லிம் பெண் அங்கும் இங்குமாக இருப்பாள். இந்த இடமாற்றத்தில்தான் பெண்கள் கணக்கிலிருந்து காணாமற்போகிறார்கள். இந்த மருத்துவமாது அங்கே பார்ப்பார்கள் என்று நினைப்பார், அங்குள்ளவருக்கு இவள் வந்ததே தெரியாது. ஆகவே ஆறாம் மாதத்திலேயே பிரசவம் எந்த ஊரில் என்று கேளுங்கள். புறப்படும் நாளை மருத்துவமாதுக்குத் தெரிவியுங்கள். அட்டை பயணப்பெட்டிக்குள்ளன்று, கைப்பைக்குள் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த கிழமையே அங்குள்ள கிளினிக்கில் அதைக் காட்டச் சொல்லி, ஒரு தடவை தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்

எந்த மாதத்திலும் இரத்தம் படுவது, விடாத தலையிடி, கண் மங்குவது, வயிற்றின் மேற்பகுதியில் கடும் நோ, முகமும் கையும் திடீரென வீங்குவது, வலிப்பு, மூச்சுத்திணறல், காய்ச்சல், பன்னீர்க்குடம் உடைவது, பிள்ளையின் துடிப்புக் குறைவது ஆகிய இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக்கூடாது. அட்டையில் குருதியமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் என்று கண்டால் அன்றே மருத்துவமாதிடம் சொல்லுங்கள். பிள்ளையின் துடிப்பை 28 வாரத்துக்குப் பிறகு நாள்தோறும் கவனிக்கப் பழக்குங்கள். மாரி மழையோடு டெங்கு பரவும் காலத்தில் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பரசிற்றமோல் தவிர வேறு நோக் குளிசைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்கக்கூடாது. வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்து எதையும் தானாக நிறுத்தவும் கூடாது.

வாகனத்தை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடமாகாணத்துக்கு வந்தது. அதோடு, இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய இரண்டு ஓட்டோக்காரரின் இலக்கங்களைக் கதவின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளிலோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ எங்கே போக வேண்டும் என்பதை மருத்துவமாதிடம் கேட்டு அட்டையோடு எழுதிவையுங்கள். 

நெடுந்தீவு, எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவுப் பெண்களுக்கு இந்த ஒழுங்கு போதாது. அம்புலன்ஸ் கடலைத் தாண்டாது. சோழகக் காற்றுப் பலக்கும்போதும் மாரியில் கடல் கொந்தளிக்கும்போதும் குறிகட்டுவான் முதலிய இறங்குதுறைகளுக்குப் படகு வராமல் நிற்கும். எதிர்பார்க்கும் திகதிக்கு ஓரிரு வாரங்கள் முன்னதாகவே கரைக்கு வந்து உறவினர் வீட்டில் தங்குவது தீவுப் பெண்கள் தலைமுறையாகச் செய்துவரும் ஏற்பாடு. இப்போதும் அதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது. கரையில் உறவு இல்லாதவளையும், இரட்டைப்பிள்ளை, உயர் குருதியமுக்கம், முன்பு சத்திரசிகிச்சைப் பிரசவம் உள்ளவளையும் எட்டாம் மாதத்திலேயே மருத்துவமாதிடம் எடுத்துச் சொல்லி, வைத்தியசாலையில் முன்கூட்டியே தங்கவைக்க முடியுமா என்று கேளுங்கள். அவள் வர மறுத்தால், அநேகமாக மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதே காரணமாக இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு ஓர் ஆளைத் தேடிக் கொடுப்பது முழுக்க முழுக்க உங்கள் வேலை.

வீட்டுக்குள் கேட்பவை

அடிக்கடி போகும் வீட்டில் சில நாள் அவள் உடலில் அடிபட்ட கண்டலைக் காண்பீர்கள், சில நாள் அவள் பேசாமல் அழுவாள். மாமியாரையோ கணவனையோ அங்கேயே விசாரிக்கப் போகாதீர்கள், நீங்கள் போன பிறகு அடி அவளுக்குத்தான். கிணற்றடியில் தனியே இருக்கும்போது கேளுங்கள். மருத்துவமாதிடம் சொல்ல அவள் சம்மதிக்கிறாளா என்று பாருங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற பெயரில் இதற்கென்றே பிரிவுகள் உண்டு. பெண்களுக்கான 1938 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. போர்க்காலத்தில் பிள்ளையையோ கணவனையோ இழந்தவள் மறுபடி கர்ப்பமாகும்போது, சந்தோஷத்தோடு வேறொன்றும் கூட வரும். அந்த வீட்டில் குளிசையைப் பற்றிக் கேட்பதற்கு முன் சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு வாருங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு

தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த அன்றே மருத்துவமாதுக்குச் சொல்லி அனுப்புங்கள், முதல் 10 நாட்களுக்குள் அவர் அவர்களைப் பார்க்க வேண்டும். சைவ வீடுகளில் 31ஆம் நாள்வரை துடக்கு (தீட்டு) என்று பிற வீட்டார் வரமாட்டார்கள், அவளையும் ஓர் அறைக்குள் இருத்திவிடுவார்கள். துடக்கு வீடு என்று நீங்களும் படலையில் நின்றுவிடாதீர்கள். வீட்டுக்குப் போய்த் தலைமுழுகிக்கொள்ளலாம். உள்ளே போய், இரத்தப்போக்குக் கூடுதலா, நாற்றமடிக்கிறதா, காய்ச்சல் காய்கிறதா, கால் ஒன்று மட்டும் வீங்கி நோகிறதா, பிள்ளை பால் குடிக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள். பத்தியச் சாப்பாட்டுக் கோப்பையில் மீன் துண்டு ஒன்றாவது இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.